களை எடுப்பவன் கை

புதுச்சேரி நகருக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிக் கடலோரமாக அமைந்த ஊர் பிள்ளைச்சாவடி. அங்கே முதிய தாயொருவர் தனியே வாழ்கிறார். பிள்ளைகள் இருவரும் பிரான்சில் இருக்கிறார்கள். வீட்டின் பின்புறத்தில் அவருடைய கணவர் தம் வாழ்நாளில் உருவாக்கிய சிறு தோட்டம் உண்டு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, அத்தோட்டத்தின் வேம்பும் இரண்டு முருங்கைகளும் சாய்ந்தன. நிழல் போயிற்று. சில மாதங்களுக்குள் வெறும் மண் முழுவதையும் கோரை தனதாக்கிக்கொண்டது.

முதல் வெள்ளியன்று நற்கருணை வழங்கச் சென்ற என்னிடம், "சாமி, அவரு வச்ச மல்லிகைகூட எங்க இருக்குன்னு தெரியலையே" என்று அந்த அம்மா கண் கலங்கினார். மறுநாளே வந்து துப்புரவாக்கித் தருவதாக வாக்களித்தேன். உழவர் குடும்பத்தில் பிறந்தவன் என்னும் இறுமாப்பு எனக்கு. சொன்னபடியே இளைஞர் நால்வருடன் சென்றேன். மாலைக்குள் பச்சை என்று சொல்ல ஒரு புல் இல்லை. அம்மா மோர் தந்து வாழ்த்தினார். பத்து நாள் கழித்துப் போய்ப் பார்த்தால், முன்னிருந்ததைவிட அடர்த்தியாகக் கோரை நிமிர்ந்து நின்றது!

அத்தெருவில் தோட்ட வேலைக்கு வரும் பெரியவர் ஒருவர் என் திகைப்பைக் கண்டு சிரித்தார். "மேலால புடுங்குறது அதுக்கு முடி வெட்டி வுட்ட மாதிரி சாமி" என்றார். பின்பு மண்வெட்டியால் ஒரு சாண் ஆழம் தோண்டி, கறுத்த சிறு கிழங்குகள் மெல்லிய வேர்நாரில் வரிசையாகத் தொடுக்கப்பட்டிருந்ததைத் தூக்கிக் காட்டினார். "பாருங்க, செபமாலையாட்டம் கோத்துக்கிட்டுக் கெடக்கு. நீங்க மணியெ வுட்டுட்டு நூலெ அறுத்திருக்கீங்க."

அவர் சொன்னது தாவரவியல் அறிஞர் கூறும் உண்மையே. கோரையின் கிழங்குச் சரத்தில் எல்லாக் கிழங்குகளும் ஒரே நேரத்தில் முளைப்பதில்லை. ஒன்று முளைத்திருக்கும்போது மற்றவை உறங்கிக் கிடக்கும். சரம் அறுபட்டால் உறங்கியவை ஒவ்வொன்றும் தனிச் செடியாக விழித்துக்கொள்ளும். உலகின் மிகக் கொடிய களைகளைப் பற்றி 1977இல் வெளியான ஆய்வு நூலொன்று கோரைக்கே முதலிடம் தந்தது. சினத்தோடு கொத்துகிறவன் அதை அழிப்பதில்லை, பெருக்குகிறான்.

அன்று மற்றொன்றும் நிகழ்ந்தது. புல்லின் நடுவே மல்லிகையின் தூர் ஒன்று தென்பட்டது. அதைச் சுற்றியிருந்த கோரையைப் பற்றி இழுத்தேன். கோரையோடு மல்லிகையும் வேரோடு என் கைக்கு வந்துவிட்டது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்தில் எனக்கு மத்தேயு நற்செய்தியின் பதின்மூன்றாம் அதிகாரம் நினைவுக்கு வந்தது.

கோதுமை வயலில் பகைவன் களை விதைத்துவிட்டுப் போகிறான். பறித்து எறியட்டுமா என்று ஊழியர் கேட்கின்றனர். களையோடு கோதுமையும் பிடுங்கப்பட்டுவிடும், அறுவடை வரை இரண்டும் வளரட்டும் என்கிறார் உரிமையாளர். பாலஸ்தீன நாட்டு வயல்களில் முளைத்த அக்களை கோதுமையைப் போலவே தோற்றமளிப்பது. கதிர் வரும்வரை இனம் பிரிப்பது அரிது. அதன் மணி கலந்த மாவை உண்டால் தலை சுற்றும். ஆகவே, ஊழியரின் ஆத்திரத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும் அவர்கள் கண்ணை உரிமையாளர் நம்பவில்லை.

குருமடத்தில் இந்த உவமையை நான் கற்றேன், தேர்விலும் எழுதினேன். இதைக் கொண்டே புனித அகுஸ்தீனார், மாசற்றோர் மட்டுமே திருச்சபை என்று வாதிட்டோருக்கு, இவ்வுலகில் நல்லோரும் தீயோரும் அதில் கலந்தே இருப்பர் என்று விடை கூறினார். தப்பறை போதிப்போரைக் கொல்வதை இவ்வுவமை தடுக்கிறது என்று புனித யோவான் கிறிசோஸ்தோம் மறையுரை ஆற்றினார். பின்வந்த நூற்றாண்டுகள் அக்குரலுக்குச் செவிசாய்க்கவில்லை. உண்மைக்குத் தொண்டு செய்வதாக எண்ணித் திருச்சபையின் மக்கள் கைக்கொண்ட வன்முறைக்காக 2000 மார்ச் 12 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் பொதுவில் இறைவனிடம் மன்னிப்பு வேண்டினார். இவற்றையெல்லாம் அறிந்திருந்தும், நான் இளங்குருவாக இருந்தபோது செய்தது என்ன?

ஒரு சிற்றூர்ப் பங்கில் திருவிழாவுக்கு முந்தைய இரவு, இளைஞர் மூவர் மது அருந்திவிட்டுத் தேர் அலங்கரிக்க வந்தனர். மறுநாள் திருப்பலியில் பீடத்தின் முன் நின்று மூவரின் பெயரையும் வாசித்து, இளைஞர் மன்றத்திலிருந்து நீக்கினேன். களை எடுத்துவிட்டேன் என்று பெருமையாகப் பேசியதும் நினைவிருக்கிறது. இருவர் சில மாதங்களில் திரும்பி வந்தனர். மூன்றாமவன் வரவில்லை. அவ்வூர்ப் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு மாலையும் தன் வீட்டுத் திண்ணையில் கணக்குச் சொல்லிக் கொடுத்து வந்தவன் அவன் என்பது, அத்திண்ணை இருண்ட பிறகே எனக்குத் தெரிய வந்தது. நான் மாற்றலாகிப் போகும்வரை அவன் தாய் மட்டும் தனியே கோயிலுக்கு வந்துகொண்டிருந்தார்.

அவன் குடித்தது பொய்யன்று. பிள்ளைகளுக்குக் கற்பித்ததும் பொய்யன்று. ஒரே மண்ணில் இரண்டின் வேர்களும் பின்னிக் கிடந்தன. நான் ஒன்றை மட்டுமே பார்த்து, பிடித்து இழுத்தேன்.

இப்படிச் சொல்வதால், தீமை எதையும் தொடாமல் விட்டுவிடலாம் என்று பொருள் கொள்ளலாகாது. வள்ளுவர் செங்கோன்மை அதிகாரத்தில், கொடியோரை மன்னன் ஒறுப்பதைப் பயிருக்காகக் களை எடுப்பதோடு ஒப்பிட்டார். எளியோரைக் காக்கும் கடமையுள்ளவன் கைகட்டி நிற்க முடியாது. சிறு பிள்ளைகளுக்குத் தீங்கு இழைப்பவனை அறுவடை நாள்வரை பொறுத்துக்கொள்வோம் என்று ஒரு குருவோ ஆசிரியரோ சொன்னால், அது பொறுமையன்று, உடந்தை. இத்தகைய மறைப்புகளால் திருச்சபை பட்ட அவமானமும், பிள்ளைகள் பட்ட துன்பமும் நம் காலத்தில் வெளிவந்திருக்கின்றன. தீய செயலை உடனே தடுக்கத்தான் வேண்டும். ஆனால் செயலைத் தடுப்பது வேறு; மனிதனையே களை என்று தீர்ப்பிட்டு எறிவது வேறு. முன்னது நமக்கு இடப்பட்ட பணி. பின்னது அறுவடையின் ஆண்டவருக்கு உரியது.

களை என்று ஓர் இனம் தாவரவியலில் இல்லை என்பதையும் எண்ணிப் பார்க்கலாம். நம் சித்த மருத்துவத்தில் கோரைக்கிழங்கு மருந்து. குழந்தைகளின் குளியல் பொடியில் அது மணப் பொருள். மாறாக, நன்மையென்று அழைத்து வந்ததே களையாவதும் உண்டு. விறகுக்கு உதவும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கொண்டுவரப்பட்ட சீமைக் கருவேலம், இன்று இராமநாதபுரம் போன்ற வறண்ட மாவட்டங்களின் கண்மாய்களை அடைத்து நிற்கிறது. அதே மரத்தைக் கரிமூட்டம் போட்டு அடுப்பெரிக்கும் ஏழைகளும் அங்கேதான் இருக்கிறார்கள். 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அம்மரங்களை அகற்ற ஆணையிட்டது. அடிமரத்தை மட்டும் வெட்டினால் அது மீண்டும் துளிர்க்கும். வேரோடு தோண்டினாலும், ஆடுமாடுகள் தின்று கழித்த விதைகள் மண்ணில் காத்துக் கிடக்கும். அகற்றிய இடத்தில் வேறொன்றை நட்டு வளர்க்காவிட்டால், வெறுமையாக்கிய நிலம் அதற்கே விரித்த பாயாகும்.

இதையே பெரியவரும் சொன்னார். "எடுத்தா மட்டும் போதாது சாமி. எடுத்த எடத்துல எதாவது வச்சாகணும். கோரைக்கு நெழலு ஆகாது." ஒரு வீட்டைக் கூட்டி அழகுபடுத்தி வெறுமையாக விட்டதால், வெளியேறிய தீய ஆவி தன்னிலும் பொல்லாத ஏழு ஆவிகளோடு திரும்பிய கதையை ஆண்டவர் சொன்னது அப்போதுதான் எனக்குத் துலங்கியது. குடியை விட்டவனுக்கு அந்த மாலைப் பொழுதில் என்ன வேலை தந்தோம்? வசை பேசுவதை நிறுத்திய நாவுக்கு எந்தச் சொல்லைப் பழக்கினோம்? ஒப்புரவு அருட்சாதனத்தில் ஆண்டுதோறும் ஒரே பாவத்தைச் சொல்லி அழுவோர் பலரைக் கண்டிருக்கிறேன். அவர்களுள் நானும் ஒருவன். பிடுங்கிக்கொண்டே இருந்தோம், நடவில்லை.

தோட்டத்தை மீண்டும் தொடங்கினோம். சித்திரை வெயிலில் மண்ணை ஆழக் கிளறி, கிழங்குகளைச் சரம் சரமாக எடுத்துக் காய விட்டோம். செடிகளின் அருகே மட்டும் மண்வெட்டி கூடாது என்று பெரியவர் கட்டளையிட்டார். அங்கே உட்கார்ந்து விரலால் வேரைப் பிரித்து எடுக்கவேண்டும். ஒரு மல்லிகைத் தூருக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. பிறகு நிலம் மூடும்படி சர்க்கரைவள்ளிக் கொடி பதித்து, முருங்கைப் போத்து இரண்டு நட்டோம். பிடுங்கி வந்த மல்லிகையை அம்மா தொட்டியில் வைத்தார். அது பிழைத்துக்கொண்டது. கோரை இன்னும் ஆங்காங்கே தலைகாட்டுகிறது, முன்போல் இல்லை. அந்த அம்மாவே காலையில் நாலைந்தை எடுத்துவிடுகிறார்.

அந்த மூன்றாமவனை 2019இல் ஒரு பேருந்து நிலையத்தில் கண்டேன். தலை நரைத்திருந்தது. "நல்லா இருக்கீங்களா சாமி?" என்று கேட்டான். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் பேருந்து வந்துவிட்டது. அவன் ஏறிப் போய்விட்டான். அவன் தாய் இன்னும் அவ்வூரில் இருப்பதாகக் கேள்விப்படுகிறேன். அந்த வீட்டுத் திண்ணைக்கு நான் இதுவரை போகவில்லை. அடுத்த மாதம் போவதாக இருக்கிறேன்.