அழித்தலும் அடித்தலும்

க்ரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்க ராக் குழுவைப் பற்றி அதன் ரசிகர்கள் சலிக்காமல் சொல்வது ஒன்றுண்டு: இசைத்தட்டைக் கேட்டு அவர்களை எடைபோடாதே, மேடையில் கேள். 1965ல் கலிஃபோர்னியாவில் தொடங்கி 1995ல் ஜெர்ரி கார்சியாவின் மரணத்தோடு முடிந்துபோன அக்குழு சுமார் 2300 கச்சேரிகள் செய்திருக்கிறது. 'டார்க் ஸ்டார்' 1968ல் தனி இசைத்தட்டாக வந்தபோது மூன்று நிமிஷம்கூட இல்லை. மறுவருஷம் 'லைவ்/டெட்' என்ற மேடைப் பதிவில் அதே பாட்டு 23 நிமிஷம்.

நீளமே மேன்மை என்று நான் சொல்ல வரவில்லை. ஸ்டுடியோவில் தவறிய இடத்தை மறுபடி வாசித்து ஒட்டிவிடலாம். மேடையில் தவறு அப்படியே நிற்கும். அடுத்த ஸ்வரம் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். பதில் கிடைக்காத இரவுகளும் உண்டு. 1969 வுட்ஸ்டாக்கில் மோசமாக வாசித்ததை அவர்களே பின்னால் ஒப்புக்கொண்டார்கள்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். பியானோ கலைஞர் கிளென் கூல்ட் 1964ல் கச்சேரி மேடையை விட்டே விலகினார். தன்னால் முடிந்த உச்சத்தைக் கேட்பவனுக்குத் தர ஸ்டுடியோதான் இடம் என்பது அவர் கட்சி. எளிதில் தள்ளிவிடக்கூடிய கட்சியல்ல. மேலும், டெட்டை நான் மேடையில் கேட்டவனும் அல்ல. கூட்டத்தின் நடுவே மைக்கை உயர்த்திப் பிடித்து ரசிகர்கள் எடுத்த பதிவுகளின் பிரதிகள்தான் எனக்கு வாய்த்தவை. 1984 முதல் குழுவே அரங்கில் இவர்களுக்கென்று தனி இடம் ஒதுக்கியது. ஆக, யந்திரத்தின்மேல் குற்றமில்லை. பதிவது வேறு, அழிப்பது வேறு.

நான் வேலை பார்க்கும் வங்கியில், வவுச்சரில் தப்பாக எழுதிய எண்ணைச் சுரண்டி அழிக்கக் கூடாது. அடித்து, சரியானதை எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் இட வேண்டும். தவறும் தெரிய வேண்டும், தவறியவனும் தெரிய வேண்டும்.

இந்த நியதி விமர்சகனுக்குக் கிடையாதா? எட்டு வருஷங்களுக்கு முன் ஒரு கவிஞரின் முதல் தொகுப்பைப் படிமக் குவியல் என்று ஒரே வரியில் ஒதுக்கினேன். அது தவறு என்று இன்று தெரிகிறது. கட்டுரைகளைப் புத்தகமாக்க எடுத்தபோது அந்த வரியைச் சத்தமில்லாமல் நீக்கினேன். கட்டுரை மெருகேறியது. ஆனால் கூல்ட் நீக்கிய பிழை எவர்மீதும் விழுந்ததல்ல. என்னுடையது ஒரு மனிதர்மீது விழுந்தது.

வரியைத் திரும்பச் சேர்த்து, அதன் கீழே இன்றைய என் கருத்தை எழுதி, தேதியும் போட்டிருக்கிறேன். கட்டுரையின் அழகு கெட்டுத்தான் போயிற்று.