சிரமத்தில் புண்ணியம் உண்டா?

டிராக்டருக்குக் கியரா, ஹைட்ரோஸ்டேட்டிக்கா என்று கேட்கும்போது ஓர் அறக்கேள்வியும் கூடவே வருகிறது: வேலை இலகுவானால் மனிதன் குறைந்துபோகிறானா? இல்லை என்பதே என் கட்சி. ஹைட்ரோஸ்டேட்டிக்கில் பம்பு எண்ணெயை அழுத்தி மோட்டாரைச் சுழற்றுகிறது. ஆற்றலில் ஒரு பங்கு வெப்பமாகக் கழிகிறது. நாள் முழுக்க உழுவதற்குக் கியரே சிக்கனம். லோடரில் மண் அள்ளி முன்னும் பின்னும் போகிறவருக்கோ ஹைட்ரோஸ்டேட்டிக்கின் மிதி ஒன்றே போதும். அவர் கிளட்சோடு மல்லாடுவதில் என்ன புண்ணியம்? வசதி திறமையை மழுங்கடிக்கும் என்பார்கள். ஓரளவு உண்மை. ஆனால் மண்ணின் ஈரம் அறியும் கண் மழுங்குவதில்லையே. புது வசதிகளை எளிதில் ஏற்காத கிறிஸ்தவப் பிரிவினரான பென்சில்வேனியாவின் குரோஃப்டேல் மென்னோனைட்டுகள்கூட வயலுக்கு டிராக்டரை ஏற்றார்கள். காற்றடைத்த டயரை மட்டும் விலக்கி இரும்புச் சக்கரம் பூட்டினார்கள். டிராக்டர் காராக மாறி ஊரைச் சிதறடித்துவிடுமோ என்பதே அவர்களின் அச்சம். உழைப்பு குறைவது பற்றி அல்ல.