கணக்கில் ஏறாத பறவை

இங்கிலாந்தின் றிப்பன் பிரபு, தாம் வேட்டையாடிய உயிர்களைத் தவறாது எழுதி வைத்தவர். 1867 தொடக்கம் 1923 வரை அவர் கணக்கு 556,813. அவ்வாண்டில் வேட்டைக் களத்திலேயே மாண்டார். 1913 டிசம்பர் 18ஆம் நாள் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் கலந்துகொண்ட வேட்டையில் ஒரே பகலில் 3,937 பெசன்ற் பறவைகள் வீழ்ந்தன. எண்ணிக்கையே இன்பமாகிவிட்டால் பறவை எதற்கு?

பெசன்ற், ஆசியாவிலிருந்து மேல்நாடுகளுக்குக் கொண்டுசெல்லப்பட்ட கோழியினப் பறவை. அமெரிக்காவின் தெற்கு டக்கோட்டாவில் ஒருவர் நாளொன்றுக்கு மூன்று சேவல்களையே சுடலாம், பேட்டைத் தொடக்கூடாது. ஆகவே அங்கே வேட்டைக்காரர் வேறு கணக்கும் வைக்கின்றனர்: தாம் நடந்த மைல், நாய் ஓடிய மைல், தீர்ந்த தோட்டா, தவறிய குறி. அடிகளை எண்ண மணிக்கூடே போதும். பகல் முழுதும் நடந்து வெறுங்கையோடு திரும்பியதையும் எழுதுபவரை நான் குறைகூறமாட்டேன். அது பிரபுவின் ஏட்டைவிட நேர்மையானது.

ஆனால், வாசகரே, காயம்பட்டுப் புல்லுக்குள் விழுந்து, எவ்வளவு தேடியும் அகப்படாத பறவையை என்ன செய்வது? பார்த்தவர் எவருமில்லை. ஏட்டில் எழுதாவிட்டால் கேட்பாரும் இல்லை. தமக்கென்று தாமே எழுதும் கணக்கிலும் மனிதர் பொய் சொல்வது இவ்விடத்தில்தான், வியப்பான பலவீனம்!

அந்தப் பறவையையும் தம் மூன்றில் ஒன்றாக எண்ணித் துப்பாக்கியை இறக்குபவர்களும் இருக்கிறார்கள். அத்தகையவரின் ஏட்டில் சேவல் இரண்டு, தொலைந்தது ஒன்று. அதைத் தேடி நடந்த தூரமும் பக்கத்திலேயே இருக்கும்.