தவணையும் தகைமையும்

கடமை, பெற்ற பொருள் ஆகிய இரண்டிற்கும் ‘கடன்’ என்னும் ஒரே சொல்லை வழங்குவது தமிழ். பினாங்குத் தெருவில் விளங்கிய செட்டியார் கிட்டங்கிகளின் பேரேடோ பிந்தியதை மட்டுமே எழுதிற்று.

2006-இல் பேங்க் நெகாரா மலேசியா நிறுவிய ‘ஏகேபிகே’ என்னும் கடன் ஆலோசனை அமைப்பு, கடனில் தத்தளிப்போர்க்காக வங்கிகளிடம் பேசி, மாதத் தவணையைத் தாங்கும் அளவிற்குக் குறைத்துத் தருகிறது. அவ்வேற்பாட்டில் உள்ள ஒருவருக்குத் தந்தைவழிச் சொத்தின் பங்கு திடீரெனக் கைக்கு வருகிறது எனக் கொள்க. 2008-இல் ஜார்ஜ் டவுன் உலக மரபுரிமை நகரான பின் பழைய கடைவீடுகள் கண்ட விலையேற்றத்தில் இது வியப்பன்று. மீதிக் கடனை அவர் உடனே அடைத்தல் வேண்டுமா?

‘தவணை தவறவில்லையே’ என்பார் அவர். அவ்விடையில் பொய்யில்லை. ஆயினும், சலுகை அளிக்கப்பட்டது அவரது இயலாமைக்கு. இயலாமை நீங்கிய பின்னும் அதனைப் பற்றி நிற்பது, மழை நின்ற பின்னும் இரவல் குடையைத் திருப்பாதது போன்றது.

வங்கி ஏழையன்று, தாயின் மருத்துவத்திற்கெனச் சிறிது ஒதுக்கி வைத்தல் தீதுமன்று. ஆனால் பிணைக் கையொப்பமிட்ட நண்பர் ஒருவர் இருப்பின் நிலை வேறு. வங்கிக்குத் தவணை வெறும் எண். அந்நண்பருக்கோ கடன் தீரும் நாள்வரை மாதந்தோறும் அச்சம். பணம் கைக்கு வந்த பின்னர், அவரைக் கேளாமல் அவ்வச்சத்தை ஆண்டுக்கணக்கில் நீட்டிக்க இவருக்கு உரிமையில்லை.