புல்லுருவி யார்?

சாரல் காலத்தில் ஞாயிறு பூசை கண்டு, கட்டுச்சோற்றுடன் குற்றாலம் போகிற குடும்பங்கள் நம் பங்கில் அநேகம். அங்கே கண்ணெல்லாம் அருவியின் மேல்தான். வாசகரே, இம்முறை மரக்கிளைகளையும் சற்றே அண்ணாந்து பாருங்கள்.

கோடை போய் மழை பிடிக்கும் நாட்களில் மேற்குத் தொடர்ச்சி மலை மரங்களில் ஒருவகை ஆர்க்கிட் பூத்துத் தொங்கும். வெள்ளையும் ஊதாவும் கலந்த சிறு பூக்கள் நரிவால்போல நெருங்கி நீண்டிருக்கும். அசாம் மாநிலத்தாருக்கு அதுவே மாநில மலர். "என்ன அழகு!" என்போம். அடுத்த மூச்சில், "புல்லுருவிதானே, மரத்தை உறிஞ்சிப் பிழைக்கிறது" என்றும் சொல்லிவிடுவோம்.

அது வீண்பழி. புல்லுருவி வேறு செடி, மாமரத்தில் பார்த்திருப்பீர்கள். அது மரத்துக்குள்ளேயே வேரை இறக்கிச் சாற்றை எடுக்கும். இந்த ஆர்க்கிட்டோ பட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பதோடு சரி. அதன் வேரைச் சுற்றிப் பஞ்சுபோல் ஓர் உறை உண்டு. மழைநீரையும் பட்டையில் வழியும் நீரையும் அதுவே உறிஞ்சிக்கொள்ளும். உணவை இலை வெயிலில் சமைத்துக்கொள்ளும். பூந்தொட்டிகளில் சிவப்பும் மஞ்சளுமாய் வளர்க்கிறார்களே பிரோமிலியாட், அவற்றில் பலவும் தாயகமான அமெரிக்கக் காடுகளில் இப்படியே மரத்தில் வாழ்கின்றன. இலைக்குடுவையில் தேங்கிய மழைநீரில் தவளைக்கும் இடம் கொடுக்கின்றன. நாம் தின்னும் அன்னாசியும் அந்தக் குடும்பம்தான், ஆனால் தரையில் வளர்வது.

மரத்துக்குப் பாரமே இல்லையா? உண்டு. செடிகள் மண்டினால் கிளை முறியவும் கூடும். ஆனால் பாரம் வேறு, திருட்டு வேறு. இரண்டையும் ஒன்றாக்குகிற பழக்கம் நமக்கு வீட்டிலும் இருக்கிறது. கணவனை இழந்து அண்ணன் வீட்டில் ஒதுங்கிய தங்கை, வேலை போன சித்தப்பா, படுக்கையில் கிடக்கும் மாமியார் இவர்களைப் பற்றி, "உட்கார்ந்து தின்கிறார்கள்" என்று அவர்கள் காதில் விழும்படியே சொல்கிறோம். விடியுமுன் எழுந்து முற்றம் தெளித்தது அந்தத் தங்கைதான். அது கணக்கில் வருவதில்லை.

"அவளாவது வேலை செய்கிறாள், படுத்திருப்பவர் என்ன செய்கிறார்?" என்று கேட்பீர்கள். ஆர்க்கிட் விதை தூசியளவுதான். உள்ளே சேமித்த உணவு கிடையாது. காட்டில் ஒரு பூஞ்சணம் ஊட்டினால்தான் அது முளைக்கும். அந்நாட்களில் அதற்கு வாங்கிக்கொள்ள மட்டுமே தெரியும். உங்கள் கணவருக்கும் அப்படிச் சில வருஷங்கள் இருந்தன, தாயே. அப்போது ஊட்டியவர்தான் இப்போது படுக்கையில் கிடக்கிறார்.

வலுவான உடம்பை வைத்துக்கொண்டு ஏய்த்துத் தின்பவன் உலகத்தில் இல்லையா? இருக்கிறான். மாந்தோப்பில் புல்லுருவி படர்ந்த கிளையை நறுக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் அரிவாளை ஓங்குமுன், வேர் பட்டைக்குள் இறங்கியிருக்கிறதா, மேலேதான் பிடித்திருக்கிறதா என்று தோட்டக்காரர் ஒருமுறை தடவிப் பார்ப்பார்.