விடியும் முன் ஏரி

மாடியில் ஒரு சிமென்ட் தொட்டி வைத்து, கெண்டைக் குஞ்சுகள் பன்னிரண்டு விட்டிருந்தேன். ஒரு ஏப்ரலில் தண்ணீர் பச்சைப்பசேலென்று ஆனது. சத்து ஏறியிருக்கிறது என்று எனக்கு ஒரே பூரிப்பு. சாயங்காலம் பொரி போட்டால் துள்ளி வந்து தின்றன. மறுநாள் காலை காபித் தம்ளரோடு போனால் அத்தனையும் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன. யாரோ விஷம் வைத்துவிட்டார்கள் என்றுதான் முதலில் தோன்றியது.

இங்கே பெங்களூரில் அல்சூர் ஏரிப் பக்கம் வலை போட்டுப் பழகிய ஒரு பெரியவரிடம் சொன்னேன். “பச்சையாயிருந்தா பயப்படணும் சார். விடியகாத்தால அஞ்சு மணிக்குப் போய்ப் பாத்தீங்களா? மேல வந்து வாயப் பொளந்துக்கிட்டு நின்னிருக்கும்.”

பார்த்ததில்லை. அந்த நேரத்தில் யார் பார்க்கிறார்கள்?

வெயில் இருக்கும்வரை பாசி ஆக்சிஜனை விடுகிறது. இருட்டியதும் மீனோடு சேர்ந்து அதுவும் மூச்சு வாங்குகிறது. இரவு முழுக்கச் செலவுதான், வரவே இல்லை. விடியலில்தான் கையிருப்பு அடிமட்டம். கோடையில் இது இன்னும் மோசம். கடல்மட்டத்தில், 20 டிகிரி நீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் 7.5தான். நீர் சுட்டால் மீனின் உடலும் சுடும், மூச்சுத் தேவையும் கூடும். போதாததற்கு பெங்களூர் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதே சூட்டில் சென்னைக் குளத்தில் கரைவதைவிட இங்கே பத்தில் ஒரு பங்கு குறைவு. குளுகுளு ஊர் என்று பீற்றிக்கொள்ளும் யாரும் இந்தக் கணக்கைப் போடுவதில்லை.

2016 மார்ச்சில் அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து ஒதுங்கின. சாக்கடை கலந்த நீரில் அழுக்கைத் தின்னும் கிருமிகளும் ஆக்சிஜனுக்குப் பங்குக்கு வந்துவிடும். நேராகக் காற்றைக் குடிக்கத் தெரிந்த விறால் அந்த நீரிலும் தாக்குப்பிடிக்கும். கட்லா, ரோகுவுக்கு அந்த வித்தை தெரியாது.

பூங்காக் குளங்களில் நீரைக் கலக்கிக் காற்றேற்றும் நீரூற்று பெரும்பாலும் ஆட்கள் வேடிக்கை பார்க்கும் நேரத்தில்தான் ஓடுகிறது. கேட்டைச் சாத்தினால் அதுவும் நின்றுவிடும். இதில் ஒரு வேடிக்கை: நண்பகலில் பாசிக் குளத்து நீரில் ஆக்சிஜன் அளவுக்கு மீறியே இருக்கலாம். அப்போது கலக்கினால் இருப்பதும் வெளியே போய்விடும். காலை பத்து மணிக்கு மேல் பாட்டிலில் நீர் மொண்டு சோதித்தால், இரவெல்லாம் மூச்சுத் திணறிய குளம்கூடப் பாஸாகிவிடும். குளத்தை நாம் விசாரிப்பதெல்லாம் நமக்குத் தோதான நேரத்தில்தான். எப்படி இருக்கிறாய் என்று நான் மனிதர்களைக் கேட்டதும் அப்படித்தான். பகலில், போன் போட்டு.

இப்போது தொட்டியில் ஆறே மீன். சின்ன ஏர்பம்பு ஒன்றை டைமரில் மாட்டியிருக்கிறேன். இரவு பத்துக்கு ஓட ஆரம்பித்து காலை ஏழுக்கு நிற்கும். மழை மேகம் கவிந்து பாசிக்கு வெயில் கிடைக்காத நாளில் பொரி கிடையாது.

நாலரைக்கு விழிப்பு வந்தால் செருப்பில்லாமல் மாடிப்படி ஏறுகிறேன். டார்ச் அடித்தால் குமிழிகள் மட்டும் கோடாக மேலே வருகின்றன. மீன்கள் அடியிலேயே இருக்கின்றன.