பின்னால் வருகிறவர்

தை, மாசியில் குருவிகுளம் பக்கம் கார் ஓட்டிப் போனால், சக்கரத்துக்குக் கீழே ஓடுவது சாலையா, களமா என்று சந்தேகம் வரும். சங்கரன்கோவிலை அடுத்த இந்தக் கரிசல் காட்டில் புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பி விதைத்த உளுந்தும் பாசியும் அப்போது வீடு வந்து சேரும் நேரம். செடியோடு பிடுங்கித் தார்ச்சாலையில் பரப்பிவிடுவார்கள். பஸ்ஸும் லாரியும் ஏறி இறங்க, நெற்று உடைந்து பயறு அடியில் தங்கிவிடும். களத்துக்கு இடமும் கூலிக்கு ஆளும் கிடைக்காத ஊர்களில் சாலைதான் போரடிக்கிறது.

லாரிக்கு இதில் பெரிய ஆபத்தில்லை. காரின் அடிப்பக்கமோ தரைக்கு மிக நெருக்கம். காய்ந்த கொடி அதில் சிக்கும்; சக்கரத்தோடு சுழலும் தண்டில் முறுக்கிக்கொள்ளும். ஓடும் காரின் புகைக்குழாய் எஞ்சினை ஒட்டிய பகுதியில் பல நூறு டிகிரி சூட்டில் இருக்கும். உளுந்தஞ்செடி பற்றிக்கொள்ள அவ்வளவு சூடுகூட வேண்டாம். இப்படிச் சாலையில் காயப்போட்ட பயிர் சிக்கி, கார்கள் முழுதாக எரிந்துபோனது தென்னிந்தியாவில் பல இடங்களில் நடந்திருக்கிறது.

புகை முதலில் தெரிவது ஓட்டுகிறவருக்கு அல்ல. சாலையோரத்தில் செடியைப் புரட்டிப்போட்டுக்கொண்டிருக்கும் அக்காவுக்குத் தெரிகிறது. அவர் கையை ஆட்டிக் கத்துகிறார். கண்ணாடி ஏற்றி ஏ.சி. போட்ட காருக்குள் அந்தக் குரல் எட்டுவதில்லை. பின்னால் பைக்கில் வருகிறவர் விடாமல் ஹாரன் அடிக்கிறார். ‘இவனுக்கு அப்படி என்ன அவசரம்’ என்று காரில் இருப்பவர் ஆக்சிலரேட்டரை இன்னும் கொஞ்சம் மிதிக்கிறார்.

செய்ய வேண்டியது எளியது. செடி பரப்பியிருக்கும் இடத்தைத் தாண்டி வெறும் தாரில் நிறுத்த வேண்டும். எஞ்சினை அணைத்து, எல்லோரையும் இறக்கி, தள்ளி நின்று பார்க்க வேண்டும். வெறும் புகை நாற்றம்தான் என்றால் சூடு ஆறவிட்டுக் கொடியை இழுத்துப் போடலாம். தீ பற்றியிருந்தால் பானட்டைத் திறக்கக் கூடாது. திறந்தால் காற்று புகுந்து தீ ஓங்கும். இவ்வளவும் சில நிமிட வேலை. ஆனால் இதைத் தொடங்குவதற்கே ஒரு ஹாரன் ஒலி சரியாகப் புரிந்திருக்க வேண்டும். அங்கேதான் நாம் தவறிவிடுகிறோம்.

காருக்குள் நம் கைக்கும் காலுக்கும் எட்டுகிற கருவிகளில் இரண்டு வகை உண்டு. ஸ்டீயரிங், கிளட்ச், கியர், பிரேக், ஆக்சிலரேட்டர் எல்லாம் வண்டியிடம் பேசுபவை. இண்டிகேட்டர், ஹாரன், முகப்பு விளக்கு, சிவப்பு முக்கோணம் போட்ட ஹசார்டு பொத்தான் ஆகியவை பிற மனிதர்களிடம் பேசுபவை. முதல் வகையில் கைதேர்ந்தவரை நல்ல டிரைவர் என்கிறோம். சந்துக்குள் ரிவர்ஸ் எடுத்தால் மெச்சுகிறோம். ‘நேரத்தோடு டிம் அடித்தார்’ என்று யாரையாவது யாராவது மெச்சியதுண்டா?

மதிப்பு இல்லாத கருவிக்கு அவரவர் இஷ்டத்துக்குப் பொருள் சொல்லிக்கொள்கிறோம். நம் ஊர் லாரிகள் வலது இண்டிகேட்டரைப் போட்டால் ‘நான் வலப்பக்கம் திரும்பப் போகிறேன்’ என்றும் எடுத்துக்கொள்ளலாம், ‘என்னைத் தாண்டிப் போ’ என்றும் எடுத்துக்கொள்ளலாம். இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிர். தாண்டச் சொல்கிறார் என்று நினைத்து ஏறுகிறவர், லாரி திரும்பும்போது அதன் பக்கவாட்டில் இருப்பார். நாற்சந்தியில் நேராகப் போவதற்கு நான்கு விளக்கையும் மினுக்கவிடும் பழக்கமும் அப்படித்தான். இடப்பக்கச் சாலையில் நிற்பவருக்கு அந்தக் காரின் இடப்பக்கம்தான் தெரியும். அங்கே ஒற்றை விளக்கு மினுங்குகிறது. ‘சரி, நம் பக்கம் திரும்புகிறார்’ என்று அவர் வண்டியை எடுத்துவிடுகிறார். நேராகப் போகிறவர் இண்டிகேட்டரைத் தொடாமலிருந்தாலே போதும். சொல்ல ஒன்றுமில்லாதபோது சும்மா இருப்பதும் பேச்சில் சேர்த்திதான்.

வண்டி பிற மனிதர்களிடம் பேச வேண்டும் என்பது இந்த மண்ணுக்குப் புதிய பாடம் அல்ல. லாரி வருவதற்கு முந்தைய காலத்தில் பருத்திப் பொதி ஏற்றிய மாட்டுவண்டிகள் இரவெல்லாம் கோவில்பட்டிக்கு நடக்கும். வண்டிக்கு அடியில் ஓர் அரிக்கேன் விளக்கு தொங்கும். மாட்டுக்குப் பாதை மனப்பாடம். வண்டிக்காரர் பாதித் தூக்கத்தில் இருப்பார். அந்த வெளிச்சத்தில் அவர் வழி பார்க்கவில்லை. எதிரே வருகிறவருக்கும் பின்னால் வருகிறவருக்கும் ‘இங்கே ஒரு வண்டி இருக்கிறது’ என்று சொல்லவே அது எரிந்தது. மண்ணெண்ணெய் செலவு இவருடையது, பயன் வேறு யாருக்கோ. இன்று அதே சாலையில் பருத்திமாறு ஏற்றிய டிராக்டர் டிரெய்லர் பின்விளக்கே இல்லாமல் போகிறது. எதிரே கார் ஹைபீமை இறக்காமல் வருகிறது. ஒருவர் தன்னைக் காட்டுவதே இல்லை. மற்றவர் கண்கூசும் அளவுக்குக் காட்டுகிறார். இருவருமே தங்களைத் தவிர சாலையில் வேறு ஆள் இருப்பதை மறந்தவர்கள்.

வண்டி பழுதாகும்போதுதான் இந்த மறதிக்கு விலை கொடுக்க நேர்கிறது.

ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் நின்றுபோனால் முதல் வகைக் கருவிகள் ஒவ்வொன்றாகக் கைவிடும். ஸ்டீயரிங் கனக்கும், ஆனால் பலம் கொடுத்தால் திரும்பும். பிரேக்குக்குக் கூடுதல் வலு தந்துகொண்டிருந்தது எஞ்சின்தான். மிச்சமிருக்கும் வலு ஒன்றிரண்டு மிதிக்கே வரும், பிறகு மிதி கல்லாக இறுகிவிடும். அதனால் விட்டு விட்டு மிதிக்காமல், ஒரே அழுத்தாக அழுத்தி ஓரம் கட்ட வேண்டும். வண்டி முழுதாக நிற்கும்வரை சாவியை உருவவே கூடாது. உருவினால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும் கார்கள் உண்டு.

எங்கே ஓரம் கட்டுவது என்பது கரிசலில் பெரிய கேள்வி. மழை பெய்த மறுநாள் தாரை விட்டு இறக்கினால் சக்கரம் புதைந்துவிடும். அதற்குப் பயந்து பாதி வண்டியைத் தாரிலேயே விட்டுவிடுகிறோம். பஞ்சரான டயர் பாழாகிவிடுமே என்று சீமைக்கருவேலம் மறைக்கிற வளைவிலேயே நிறுத்துகிறவர்களும் உண்டு. டயர் போனால் சில ஆயிரம் ரூபாய். அதை உருட்டிக்கொண்டு மெதுவாக ஒரு பஸ் நிறுத்தம்வரையோ, ஊர் விலக்கில் இறுகிய தரை உள்ள இடம்வரையோ போய்விடுவதே புத்திசாலித்தனம்.

நின்ற பிறகு நம் கை தானாகப் போவது பானட்டுக்கு, அல்லது ஜாக்கிக்கு. அதற்கு முன்பே போக வேண்டிய இடம் ஹசார்டு பொத்தான். அடுத்து, உள்ளே இருப்பவர்களைச் சாலை இல்லாத பக்கமாக இறக்கி, வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் நிற்கவிடாமல் விலக்கி நிறுத்த வேண்டும். அதற்கடுத்து, டிக்கியில் கிடக்கும் சிவப்பு முக்கோணத்தை எடுத்துக்கொண்டு பின்னோக்கி நடக்க வேண்டும். 50 மீட்டர் என்றால் எழுபது எட்டு. வளைவு இருந்தால் வளைவுக்கும் அப்பால். ஏன் இவ்வளவு தூரம்? 80 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவர், ஆபத்தைக் கண்டு காலை பிரேக்குக்குக் கொண்டுபோகும் ஒரு நொடிக்குள் 22 மீட்டர் கடந்துவிடுவார். அதன்பின் காய்ந்த சாலையில்கூட வண்டி நிற்க இன்னும் 35, 40 மீட்டர் ஆகும். ஆக, ஏறக்குறைய 60 மீட்டர். டிம் வெளிச்சமோ முன்னால் 40, 50 மீட்டரைத்தான் தெளிவாகக் காட்டும். விளக்கில்லாமல் நிற்கும் வண்டி அவர் கண்ணில் படும்போதே காலம் கடந்துவிட்டது. அவர் குடித்திருக்கவில்லை, தூங்கவும் இல்லை. ஆனாலும் அவரால் நிறுத்த முடியாது. தன் இருப்பை அவருக்கு முன்கூட்டியே சொல்லாதவர்தான் அவரை அந்த நிலைக்குக் கொண்டுவந்தார்.

மற்ற வேலைகள் பொறுமை இருந்தால் கைக்கு வருபவை. ஹேண்ட் பிரேக் போட்டு முதல் கியரில் நிறுத்து. கழற்றும் சக்கரத்துக்குக் குறுக்கெதிரே உள்ள சக்கரத்துக்கு அண்டை கொடு. வண்டியைத் தூக்குவதற்கு முன்பே நட்டுகளைத் தளர்த்து. கரிசல் மண்ணில் ஜாக்கி அமிழ்ந்துவிடும், அடியில் ஒரு பலகை வை. ஜாக்கியை நம்பி உடம்பை வண்டிக்கு அடியில் நுழைக்காதே. சித்திரை வெயிலில் ரேடியேட்டர் கொதித்தால் அரைமணி நேரமாவது ஆறவிடு. மூடிக்குள் அழுத்தத்தில் அடைந்திருக்கும் தண்ணீர் நூறு டிகிரிக்கு மேல் சூடேறியிருக்கும். திறந்த கணத்தில் ஆவியாகி முகத்தில் அடிக்கும். இவையெல்லாம் நம் உடம்பைக் காக்கும் விதிகள். வலிக்கும் என்பதால் இவற்றைச் சீக்கிரம் கற்றுக்கொள்கிறோம். எழுபது எட்டு பின்னால் நடந்துபோய் முக்கோணம் வைப்பதில் நமக்கு வலிக்க ஒன்றுமில்லை. அதனாலேயே அது மறந்துபோகிறது.

லாரிக்காரர்களுக்கு வேறு ஒரு பழக்கம் உண்டு. வண்டி நின்றால் கிளீனர் இறங்கி, கருவேலங்கொப்பை ஒடித்துப் பின்னால் போடுவார். நாலு கல்லை எடுத்து வரிசையாக வைப்பார். முக்கோணம் இல்லாதவரின் முக்கோணம் அது. பகலில் பயன்தான், இருட்டில் கொப்பு மின்னாது. பழுது சரியானதும் ‘ஏறுடா, போகலாம்’ என்று டிரைவர் குரல் கொடுப்பார். லாரி போய்விடும். கல் அங்கேயே கிடக்கும். விடிகாலையில் அந்த வழியே தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு வேன் வரும். கணவனும் மனைவியும் பிள்ளையும் ஒரே பைக்கில் வருவார்கள். கல்லை வைத்தவர் அப்போது மதுரையைத் தாண்டியிருப்பார். தன்னைக் காக்க வைத்த கல்லில் யார் விழுந்தார்கள் என்பது அவருக்குக் கடைசிவரை தெரியாது.

2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டு மிக அதிக விபத்துகள் நடந்த மாநிலம் தமிழ்நாடு: 64,105. மாண்டவர்கள் 17,884 பேர். இந்த விபத்துகளில் சிக்கியவர்கள் யாரையும் கொல்ல நினைத்துக் கிளம்பியவர்கள் அல்ல. பெரும்பாலும் ஒருவரை ஒருவர் பார்த்ததுகூட இல்லாதவர்கள்.

குருவிகுளம் மாதிரி ஊரில் எவரும் யாரோ ஒருவர் இல்லை. ‘யாரு மகன்யா நீ?’ என்ற கேள்வியிலேயே பாதி ஒழுங்கு நிலைத்துவிடும். பக்கத்துப் புஞ்சையின் வரப்பை வெட்டினால் நாளைக்கு டீக்கடையில் அந்த முகத்தைப் பார்த்தாக வேண்டும். வாங்கிய கடனைத் திருப்புவதும், வண்டிப் பாதையில் முள்ளைப் போடாமலிருப்பதும் அந்த முகத்துக்கு அஞ்சித்தான். சாலை இந்த அச்சத்தை எடுத்துவிடுகிறது. கண்ணாடியை ஏற்றிவிட்டால் நமக்கும் முகமில்லை, எதிரே வருகிறவருக்கும் முகமில்லை. ஊருக்குள் பெரியவரைக் கண்டால் ஒதுங்கி நிற்கும் அதே பையன், சாலையில் அவர் வயதுள்ளவரின் கண்ணில் ஹைபீமை அடித்துக்கொண்டு போகிறான். அவன் கெட்டவனாகிவிடவில்லை. எதிரே இருப்பவர் யாரென்று அவனுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

சட்டம் இந்த இடைவெளியை நிரப்பப் பார்த்திருக்கிறது. விபத்தில் அடிபட்டவருக்கு உதவினால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டும் என்று பயந்து விலகிப்போனவர்கள் ஏராளம். உதவுகிறவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்ற வழிகாட்டு நெறிகளுக்கு 2016 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சட்ட வலுவைத் தந்தது. 2019 திருத்தத்தில் அந்தப் பாதுகாப்பு மோட்டார் வாகனச் சட்டத்திலேயே இடம்பெற்றது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம், அடிபட்டவர் எந்த ஊர்க்காரரானாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குத் துணை நிற்கிறது. உதவப் போகிறவரின் பயத்தைச் சட்டம் போக்கலாம். அவரை வண்டியிலிருந்து இறங்க வைக்க அதனால் முடியாது. ஹைபீமை இறக்குவதற்கு மேற்பார்வையாளர் கிடையாது. சாலையில் விட்ட கல்லுக்குச் சாட்சி கிடையாது. இருட்டில் எழுபது எட்டு நடந்து முக்கோணம் வைத்தவருக்கு நன்றி சொல்ல யாரும் வரப்போவதில்லை. அவர் காப்பாற்றியவருக்கே தான் காப்பாற்றப்பட்டது தெரியாது.

அதனால்தான் இந்தச் சின்ன வேலைகளை ஓட்டும் திறமையோடு சேர்த்து எண்ணாமல், அதற்கு மேலே வைக்கத் தோன்றுகிறது. திறமை வண்டியை அடக்குகிறது. இண்டிகேட்டரை நேரத்தில் போடுவதும், விளக்கை இறக்குவதும், பின்னால் கேட்கும் ஹாரனை வசவாக எடுத்துக்கொள்ளாமல் ‘என்ன சொல்கிறார்’ என்று காது கொடுப்பதும், கிளம்பும்முன் கல்லை அப்புறப்படுத்துவதும் மனிதனை அடக்குகின்றன. முகம் தெரிந்தவருக்குச் செய்கிற நன்மையில் மரியாதை கலந்திருக்கும், கைம்மாறும் கலந்திருக்கும், ஊர் என்ன சொல்லும் என்ற கணக்கும் கலந்திருக்கும். இவை எதுவும் கலக்காத நன்மையைச் செய்ய வாழ்க்கையில் வாய்ப்பு அரிது. சாலை அதை நாள்தோறும் தருகிறது. ஒரு மனிதரிடம் அறம் எவ்வளவு இருக்கிறது என்பதை, அவர் ஒருபோதும் சந்திக்கப்போகாதவருக்காக என்ன செய்தார் என்பதை வைத்தே அளக்க முடியும்.